அடுப்பங்கரைப் பச்சை

மன்னார்குடியில் வீடுகளுக்கு பெயின்ட் அடித்துப் பிழைத்தவர் சிங்காரவேலு. ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, பொழுது போகாமல் அட்டையில் படம் வரைய ஆரம்பித்தார். எழுந்து நடமாடி, மறுபடி வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இந்தத் தை மாதம் தஞ்சாவூரில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவர் படங்களையும் மாட்டியிருந்தார்கள்.

வந்தவர்கள் ஒரு படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். பச்சைச் சுவர் அடுப்பங்கரையில், கேஸ் சிலிண்டரில் சாய்ந்து, கையில் போனுடன் ஒரு பெண் அழுகிறாள். பத்திரிகையிலும் அந்தப் படம் வந்தது.

மறுநாள் பூர்ணிமா வந்து நின்றாள். போன வருஷம் அவள் வீட்டுக்குத்தான் அந்தப் பச்சையை அடித்தார். சிங்கப்பூரிலிருந்த புருஷன், இனி ஊருக்கு வரமாட்டேன், இங்கே வேறொருத்தியோடு இருக்கிறேன் என்று போனில் சொன்ன அன்று, ஏணியில் நின்றவரை மறந்து அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல வேண்டாமென்றாள். அவரும் சரியென்றார்.

"சொல்ல மாட்டேன்னீங்களேண்ணே."

"யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலம்மா" என்றார். சொன்னதுமே அந்தப் பதில் அவருக்கே கேவலமாக இருந்தது.

"எங்க தெருவுல எல்லாரும் போன்ல பாத்துட்டாங்க. என்னடி ஆச்சுன்னு மாமியார் கேக்குறாங்க. அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது." படத்தைப் பார்த்தாள். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. உங்கள நம்பித்தானே வீட்டுக்குள்ள விட்டேன்?"

வரைந்த நாட்களில் கன்னத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார். அவளை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

படத்தைக் கழற்றினார். "நீயே எடுத்துட்டுப் போம்மா. கிழிச்சுப் போட்டாலும் சரி."

"அத நான் எங்கண்ணே கொண்டுபோய் வைப்பேன்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கண்காட்சி நடத்திய ராஜராஜன் ஓடி வந்தார். "ஏங்க கழட்டுனீங்க? அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க."

"இத வரைய எனக்குப் பாத்தியதை இல்லீங்க."

மன்னார்குடி பஸ்ஸில் பூர்ணிமா முன் சீட்டில் இருந்தாள். அவர் கடைசி சீட்டில் உட்கார்ந்து, படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வடுவூர் தாண்டியும் எழுந்து போய் மன்னிப்புக் கேட்கத் துணிவு வரவில்லை. ஊர் வந்ததும் அவள் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தின் மேல் பிரைமர் அடித்தார். முகம் மறைய இரண்டு கோட்டு பிடித்தது. தெருக்காரர்கள் போனில் அது அப்படியே இருந்தது.