தலைமாட்டில் ஒரு குரல்

மூத்தவளுக்குப் பல மொழிகளில் மூன்றே மூன்று வாக்கியங்கள் தெரியும். மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள். கண்ணைத் திறங்கள். முடிந்துவிட்டது. சண்டை நடந்த ஊர்களுக்கும், நிலம் நடுங்கி வீடுகள் சரிந்த ஊர்களுக்கும் கூடாரத்தோடு போய் அறுவை சிகிச்சை செய்கிற குழுக்கள் உண்டல்லவா, அவற்றோடு வருஷம் தவறாமல் கிளம்பிவிடுவாள். அந்த ஊர்ப் பாஷையில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் இந்த மூன்றை மட்டும் உள்ளூர்க்காரர்களே அசந்துபோகிற மாதிரி சொல்வாள். மயக்க மருந்து டாக்டருக்கு அதற்குமேல் என்ன பேச்சு வேண்டியிருக்கிறது? பேச்சு சூடு பிடிப்பதற்குள் எதிராளி தூங்கிவிடுவார்.

"நீ வாயைத் திறந்தாலே எனக்குக் கண்ணு சொக்குது. மருந்தெல்லாம் எதுக்குக்கா வீணா?" என்பாள் தங்கை.

அந்தத் தங்கைக்குத்தான் இப்போது கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா பல வருஷமாக வேலை பார்த்து, பாடமும் நடத்துகிற அதே ஆஸ்பத்திரி. தங்கைக்குக் கத்தியைப் பற்றிப் பயமில்லை. மயக்கம் என்ற சொல்லைக் கேட்டால்தான் கை கால் உதறும்.

அதற்குக் காரணம் உண்டு. இருவரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் அம்மா ஒரு ஆபரேஷனுக்காக இதே மாதிரி ஒரு கதவுக்குள் தானே நடந்து போனாள். "தங்கச்சியப் பாத்துக்கோ, வந்துடறேன்" என்றாள். போட்ட மருந்திலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை. வெளியே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை. வெள்ளைக் கோட்டுகள் வந்தன, போயின. ஒருத்தர்கூட நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தள்ளுவண்டி வெளியே வந்தபோது முகத்தை மூடியிருந்த துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அன்றைக்குப் பிறகு எந்தக் கதவுக்கும் வெளியே உட்காருவது மூத்தவளுக்கு ஆகாமல் போயிற்று. டாக்டருக்குப் படித்தாள். படித்தவள் எல்லோரும் ஒதுக்கிவைத்த இந்தப் பிரிவைக் கேட்டு வாங்கினாள். "கத்தி பிடிக்கிறவருக்குத்தான் பேரு. உன்னை யாரு கண்டுக்குவாங்க?" என்று உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். அதுவும் உண்மைதான். ஆபரேஷன் முடிந்ததும் சர்ஜன் வெளியே போவார், சொந்தக்காரர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் இவள் உள்ளே நோயாளியின் கன்னத்தைத் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் இவளை ஒருவரும் கும்பிட்டதில்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. கதவுக்கு உள்பக்கம் இருந்தால் போதும்.

"கண்ணை மூடும்போதும் நீ இருக்கணும், திறக்கும்போதும் நீ இருக்கணும்" என்றாள் தங்கை.

"இருக்கேன்டி. எங்க போயிடப் போறேன்?"

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் சொந்த ரத்தத்துக்குத் தன் கையால் மருந்து கொடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்கு அடித்துச் சொல்கிறவளும் இவள்தான். ஆகவே மருந்தைத் தன் பிரிவிலேயே இருக்கும் சிநேகிதி கொடுப்பது, தான் பக்கத்தில் நிற்பது என்று ஏற்பாடு. அன்று காலையில் பார்த்து அந்தச் சிநேகிதி காய்ச்சலில் படுத்துவிட்டாள். தங்கைக்கோ இரத்தப்போக்கு, தள்ளிப்போட முடியாது. பதிலுக்கு யார் என்று கேட்டால், அவசரக்குடுக்கை!

அது அவள் வைத்த பெயர். போன வருஷம்தான் இவளிடம் படிப்பை முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவன். வேலையில் சுத்தம், நடையில்தான் அவசரம். வாசலில் இடிப்பான், டிராலியில் இடிப்பான், பாதிக் கேள்வியிலேயே பதில் சொல்லுவான். அவன் 'மேடம்' என்று கூப்பிடும் இவள் அவனைத் திட்டாத நாள் இல்லை.

அவள் ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு பாடங்களைக் கூடாரத்திலிருந்து கொண்டுவந்து சொல்லுவாள். ஜெனரேட்டர் நின்று, நாடியையும் அழுத்தத்தையும் காட்டும் திரைகள் எல்லாம் இருண்டுபோன ஒரு நாளில், தாடைக்குக் கீழே ஓடும் நாடியில் விரலை வைத்தே ஒரு ஆளைக் கரைசேர்த்த கதை ஒன்று. திரை இருந்தாலும் விரலை எடுக்காதே என்பது அந்தப் பாடம். இன்னொன்று, இரண்டு தேசத்து டாக்டர்கள் ஒரே நோயாளியின் தலைமாட்டில் நின்று ஆளுக்கொரு உத்தரவு போட்டது. எதைக் கேட்பது என்று தெரியாமல் நர்ஸ் இரண்டு கையிலும் ஊசியோடு விழித்துக்கொண்டு நிற்க, அதற்குள் அந்த நோயாளி போய்விட்டார். அதனால் தலைமாட்டில் ஒரு குரல்தான் இருக்கவேண்டும், யாருடையதாக இருந்தாலும் சரி. இதைச் சொல்லும்போது மட்டும் மேடத்தின் முகத்தைப் பார்க்க மாணவர்களுக்குப் பயமாக இருக்கும்.

"மேடம், அவங்க தூங்குற வரைக்கும் கையைப் பிடிச்சுக்கங்க. அப்புறம் வெளிய உக்காந்துடுங்க" என்றான் அவசரக்குடுக்கை, ஆபரேஷன் தியேட்டருக்குள்.

"நான் பாட்டுக்கு ஓரமா நிப்பேன்."

"உங்களுக்கு ஓரமா நிக்க வராது மேடம்."

நர்ஸுகள் சிரிப்பை அடக்க முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார்கள். தங்கை படுத்தபடியே "தம்பி சரியாச் சொல்லுது" என்றாள். மருந்து இறங்கியது. பிடித்திருந்த கை தளர்ந்தது. மூத்தவள் வேறு வழியில்லாமல் வெளியே வந்தாள்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். தங்கையின் புருஷன் மனைவியின் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் ஆயுளைக் கழித்த மனிதர். இப்போதும் அவருடைய வலது கால் தரையை மிதித்து மிதித்து எடுத்தது.

"எப்ப அண்ணி முடியும்?"

இந்தக் கேள்விக்கு அவள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்த பதில் 'சொல்லுவாங்க' என்பது. அதைச் சொல்ல இன்றைக்கு நா எழவில்லை.

"தெரியலை மாப்பிள்ளை."

"எம் பொண்ணுக்கு நான் வண்டி கத்துக்குடுக்கலை அண்ணி. வேற ஆள்கிட்டதான் அனுப்பினேன். பக்கத்துல உக்காந்தா இந்தக் கால் சும்மா இருக்காது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வார்டு பையன் இரத்தப் பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தான். கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனான். இரத்தத்தை ஏன் ஓடிக் கொண்டுவருவார்கள் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. மூத்தவளுக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் அவள் நாற்காலியில் இல்லை.

பச்சை உடுப்பு, தொப்பி, முகக்கவசம் எல்லாம் பழக்கத்தில் தானாக உடம்பில் ஏறின. உள்ளே தங்கையின் இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. திரையின் ஒலி அவளுக்குத் தெரிந்த ஒலிதான், ஆனால் இத்தனை கொடூரமாக அது என்றைக்கும் கேட்டதில்லை.

"அழுத்தம் ஏத்துற ஊசியைப் போடு! என்ன பாத்துட்டு நிக்கறே?" என்று நர்ஸைப் பார்த்துக் கத்தினாள்.

நர்ஸ் ஊசியைக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்தவள் அவசரக்குடுக்கையைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள், மறுபடி அவனைப் பார்த்தாள். "மேடம்... இப்பத்தான் போட்டோம்" என்று முனகினாள்.

அதன்மேல் இன்னொரு ஊசியும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மூத்தவள்தான் வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டுவாள்.

"சார், கொஞ்சம் நிறுத்தி அமுக்கிப் பிடிங்க. இரத்தம் ஏறட்டும்" என்று சர்ஜனிடம் சொன்னான் அவன். குரலில் அவசரம் மருந்துக்கும் இல்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "மேடம், வெளிய போங்க."

அவள் தலைமாட்டை விட்டு நகரவில்லை.

"தலைமாட்டுல ஒரு குரல்தான், மேடம்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'யாரிடமடா சொல்கிறாய்' என்ற கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. அப்போதுதான் அவனுடைய இடது கையைப் பார்த்தாள். திரை அத்தனை கூச்சல் போட்டுக்கொண்டிருக்க, அவன் விரல்கள் தங்கையின் தாடைக்குக் கீழே அசையாமல் இருந்தன. அவள் வெளியே போனாள்.

"என்ன அண்ணி ஆச்சு?"

"இரத்தம் போகுது, மாப்பிள்ளை. ஏத்திட்டிருக்காங்க. அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்ததையே துடைத்தார். மூத்தவள் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்காகக் காத்திருந்த அந்தப் பெஞ்சிலிருந்து இத்தனை வருஷமும் தான் எழுந்திருக்கவே இல்லையோ என்று தோன்றியது. கதவுக்கு உள்ளே ஓடி ஓடிப் போனதெல்லாம், இன்னொரு தடவை இப்படி உட்கார நேர்ந்துவிடுமோ என்ற பயத்தில்தான். நேர்ந்தே விட்டது. செய்ய ஒன்றுமில்லை. கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன.

எவ்வளவு நேரமோ. கதவுக்கு அப்பால் டிராலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

"அக்கா, மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

பதில் இல்லை.

"அக்கா, கண்ணைத் திறங்க. முடிஞ்சிடுச்சு. கண்ணைத் திறங்க."

மூத்தவளின் அதே மூன்று வாக்கியங்கள். எத்தனை பாஷையில், எத்தனை பேருக்குச் சொன்ன வார்த்தைகள்! கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அவற்றைக் கேட்டால் இப்படி உயிரைப் பிழியும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அவ எங்க?" உள்ளேயிருந்து குழறிக் குழறி வந்தது தங்கையின் குரல். "கூடவே இருக்கேன்னாளே..."

"நான்தான் வெளிய அனுப்பிட்டேன்க்கா."

"நல்லதாப் போச்சு. அவ பேசியிருந்தா... நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்."

மாப்பிள்ளை கண்ணாடியைத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு அழுதார். கதவு திறந்தது. அவசரக்குடுக்கை வெளியே வந்தான். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. நேராக மூத்தவள் முன்னால் வந்து நின்றான், முன்பின் தெரியாத யாரோ ஒரு சொந்தக்காரரிடம் நிற்பதுபோல.

"பேஷண்டோட அக்காதானே? கண்ணைத் திறந்துட்டாங்க. அழுத்தம் சரியா இருக்கு. கொஞ்ச நேரத்துல போய்ப் பாக்கலாம்."

அவள் எழுந்தாள். எத்தனையோ கேள்விகள் கேட்கலாம், எத்தனை பை ஏற்றினாய், என்ன அளவில் கொடுத்தாய் என்று. இரண்டு கையையும் சேர்த்து அவனைக் கும்பிட்டாள்.

"ஐயோ மேடம், என்ன மேடம் நீங்க..." என்று பதறித் திரும்பியவன், பாதி திறந்திருந்த கதவில் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டான்.