வால் இல்லாத மாப்பு

“பதினெட்டு... பத்தொன்பது... இருபது!”

அவள் எண்ணினால் வராந்தா வரை கேட்கும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனான அவளுக்கு அங்கே ‘வாத்தியாரம்மா’ என்றே பெயர்.

“இருபது கொடுத்தேன், இருபதும் வந்தாச்சு.” சிஸ்டர் பலகையில் டிக் அடித்தாள். “வாத்தியாரம்மா பாஸ்!”

“அப்ப மூடறேன்,” என்றார் சர்ஜன்.

மேஜையில் கிடந்தவன் ஒரு தச்சன். லாரி மோதி, மண்ணீரல் சிதறி, வயிறு முழுக்க ரத்தம். அதை ஒற்றியெடுக்கும் துணிதான் மாப்பு. ஒவ்வொன்றுக்கும் நாடாவில் ஒரு வால். ஒன்றுகூட உள்ளே தங்கிவிடக் கூடாது. அதற்குத்தான் இந்த எண்ணிக்கை.

தையல் ஊசியை நீட்டினாள். கண் தற்செயலாக, எடுத்த மாப்புகள் கிடந்த வாளிக்குப் போனது.

ஒரு மாப்புக்கு வால் இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன், ரத்தம் பொங்கியபோது சர்ஜன் கத்தினாரே, “சின்னதா ஒண்ணு குடு, சீக்கிரம்!” என்று? சின்னது கைவசம் இல்லை. மாப்பை வெட்டவே கூடாது என்பது விதி. அவள் வெட்டினாள். ஒன்று இரண்டானது. சொல்ல நேரமில்லை, அப்புறம் மறந்தே போனாள்.

அப்படியென்றால் துண்டுகள் இருபத்தொன்று வர வேண்டும். வந்தது இருபது.

ஒன்று உள்ளே இருக்கிறது!

போன மாதம்தான் ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இவன் மட்டும் உள்ளுக்குள் சீழ் பிடித்துச் சாவான்.

“சார், நிறுத்துங்க. ஒண்ணு உள்ள இருக்கு.”

“இப்பத்தானேம்மா எண்ணினே?”

“ஒண்ணை நான் பாதியா வெட்டிட்டேன் சார்.”

“வாத்தியாரம்மாவே காப்பியடிச்சா எப்படி?” சிஸ்டர் ஆரம்பித்து, சர்ஜனின் கண்களைப் பார்த்து அடங்கினாள்.

“பிரஷர் எழுபதுதான். ரொம்ப நேரம் தாங்க மாட்டான்,” என்றார் மயக்க டாக்டர்.

சர்ஜன் போட்ட இரண்டு தையலையும் வெட்டினார். கையை ஆழமாக விட்டுத் துழாவினார். வந்தது, சிவப்பில் ஊறிய முழு மாப்பு. கூடவே ரத்தமும் குபுகுபுவென்று ஏறியது.

“கடவுளே... கிழிஞ்ச இடத்தை இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு. மாப்பு குடு!”

கொடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு. நாற்பது நிமிடப் போராட்டம். மானிட்டரில் கோடு படுத்தது.

செத்தவன் வயிற்றையும் எண்ணித்தான் மூட வேண்டும். எண்ணினாள், அதே குரலில்.

“...முப்பத்திரண்டு. முப்பத்திமூணு.”

“வெட்டினதை எழுதாதே,” என்றார் சர்ஜன் தாழ்ந்த குரலில். “கொடுத்தது முப்பத்திரண்டு, வந்தது முப்பத்திரண்டு. அவ்வளவுதான். எவன் வந்து கேக்கப் போறான்?”

அவள் கையுறையைக் கழற்றினாள். பேனாவை எடுத்தாள். கணக்குத் தாளில் முப்பத்துமூன்று என்று எழுதினாள். கீழே, ‘ஒன்றை நான் வெட்டினேன்.’ கையெழுத்து.

கதவைத் திறந்தாள். வராந்தா பெஞ்சிலிருந்து தச்சன் மனைவி துள்ளி எழுந்தாள். மரம் அளக்கும் அவன் டேப் அவள் கையில் இருந்தது.

“நீங்கதானே அக்கா எண்ணினது? முப்பத்திமூணுன்னு கேட்டுச்சு.” வாட்டமான முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு. “எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?”