இரண்டு விரலால் தூக்கிப் பார்த்த சைக்கிள்

விவாகரத்து ஆனது மனைவியோடுதான், மச்சானோடு ஆகவில்லை. இந்த நுணுக்கத்தை எந்த வக்கீலும் எக்ஸ்ரேக்காரருக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் அவர் சைக்கிள் வாங்கப் போகிற சேதி காதில் விழுந்ததுமே முன்னாள் மனைவியின் தம்பி ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, தொடையைக் கவ்விய காற்சட்டை சகிதம் கடை வாசலில் வந்து நின்றுவிட்டான். வந்தது காரில்.

எல்லாம் மகளால் வந்தது. பதினேழு வயது, தாயோடு இருக்கிறாள். போன வாரம் போனில் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மலைப்பாதைக்குப் போறேன்பா. நீயும் வர்றியா? ஆனா ஒழுங்கான மவுன்டன் பைக் வேணும். டப்பா சைக்கிள்ல வந்து பாதி வழியில உக்காந்துட்டேன்னா நான் நிக்க மாட்டேன்."

"சரி" என்றார். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டபோது சொன்ன அதே சரி. போனை வைத்துவிட்டு உள்ளே ஏதாவது அசைகிறதா என்று சற்று நேரம் கவனித்தார். ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் "மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க" என்று ஊரார் நெஞ்சுக்கூட்டை வேலை வாங்குகிறவர். தன்னுடையதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"உன்கிட்ட பேசுறது ஆளில்லாத வீட்டுக் காலிங்பெல்ல அழுத்துற மாதிரி இருக்கு" என்று மனைவி கடைசியில் சொன்னாள். அதற்கும் சரி என்றவர்தான். மகளும் அந்த முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறாள், இந்த ஞாயிறும் வீணானால் இனிமேல் கூப்பிட மாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தது, வலிக்கத்தான் இல்லை.

மச்சான் லேசுப்பட்டவன் அல்ல. டைல்ஸ் கம்பெனியில் உதவி மேலாளர். 'சிகரம் தொடுவோர்' என்ற சைக்கிள் சங்கத்தின் தலைவர். சங்கம் வாராவாரம் தார்ச்சாலையில் காபிக்கடை வரை போய், சிகரத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பும். டயரில் சேறு பட்டுவிட்டால் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாக வேண்டும் என்பது சட்டதிட்டம். சைக்கிளைத் தேர்வு செய்ய அவர்களிடம் தனி முறையே உண்டு. ஓட்டிப் பார்க்கமாட்டார்கள். மேல் கம்பிக்கடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்" என்பார்கள். அந்த ம்ம் விழுந்துவிட்டால் மறுபேச்சு கிடையாது.

"பட்ஜெட் எவ்ளோ அத்தான்?"

"வக்கீலுக்குப் போக மிஞ்சினது, மாப்ளே."

கடைக்காரம்மாவுக்கும் வக்கீல் அனுபவம் இருந்திருக்க வேண்டும். விலை உயர்ந்த வரிசையை அவர் காட்டவே இல்லை. நேராக இரண்டு சைக்கிளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். ஒன்று ஆரஞ்சு நிறம். முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், போன வருட மாடல், பாதி விலை. மற்றது சாம்பல் நிறம். முன்னால் மட்டும்தான் சஸ்பென்ஷன், ஆனால் ஹைட்ராலிக் பிரேக். பார்ப்பதற்கு அரசாங்கக் கட்டடம் மாதிரி இருந்தது.

மச்சான் ஆரஞ்சைத் தூக்கினான். விரல்கள் நடுங்கின, முகம் சிவந்தது. "ம்ம்."

"கனமா இருக்கா?"

"கனம்னா உறுதி அத்தான். போன மாசம் ஒருத்தருக்கு எடுத்தோம், இறகு மாதிரி. லேசுன்னா வேகம். எதுவா இருந்தாலும் தூக்குனாத் தெரிஞ்சுடும்."

மகள் டியூஷன் பையோடு உள்ளே வந்தாள். மாமனின் காற்சட்டையைப் பார்த்தாள், அப்பா பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உனக்கு எதுப்பா புடிச்சிருக்கு?"

"மாமா அந்த ஆரஞ்ச..."

"மாமாவையா கேட்டேன்?"

எக்ஸ்ரேக்காரர் இரண்டையும் பார்த்தார். பிடிப்பது என்பது எங்கே நடக்கும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யோசித்தார். "எதுனாலும் சரிதாம்மா."

அவள் தலையாட்டினாள். கோபம்கூடப் படவில்லை, அதுதான் அவள் அம்மாவின் ஜாடை. "அப்ப எதையாவது வாங்கிக்க. ஃபிரண்டு வெளிய நிக்கிறா." பையைத் தோளில் மாட்டினாள்.

"இரு" என்றார் அவர். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. "ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

மச்சான் பதறினான். "ஓட்டியா? புதுசா வர்றவங்கதான் அத்தான் அப்படிப் பண்ணுவாங்க!"

"நான் புதுசுதானே மாப்ளே."

கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் சரிவு, சரளைக்கல் முற்றத்தில் போய் முடிந்தது. ஆரஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தார். சைக்கிள் நகர்ந்தது, பிறகு ஓடியது. பிரேக்கை அழுத்தினார். அது பரிசீலிப்பதாகத் தெரிவித்துவிட்டுத் தொடர்ந்து ஓடியது. காலை ஊன்றப் பார்த்தால் தரை கட்டைவிரலுக்குக்கூட எட்டவில்லை. காலி அட்டைப்பெட்டிக் குவியல் அவரை நோக்கி வந்தது.

"சஸ்பென்ஷனப் பார்த்தீங்களா!" என்று மேலிருந்து மச்சான் கத்தினான். "அடியே படல!"

பெட்டிகளுக்குள்ளிருந்து எழுந்தபோது கடைக்காரம்மா மெல்லச் சொன்னார்: "அது எக்ஸ்எல் சைஸுங்க. ரொம்ப உயரமானவங்களுக்கு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சார்தான் தூக்கிப் பார்த்து ம்ம்னாரே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

சாம்பல் சைக்கிளில் அதே சரிவில் இறங்கினார். நினைத்த இடத்தில் நின்றது. வேறு விசேஷம் எதுவும் இல்லை. மேலே தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஆரஞ்சு வேண்டாம். இது போதும்."

"அத்தான், அவசரப்படாதீங்க. சங்கத்துல என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க? சீட்ட எறக்கி ஓட்டுனா..."

"வேண்டாம் மாப்ளே."

கடை வாசல் வரை போயிருந்த மகள் திரும்பி வந்தாள். "ஏன்பா அது வேண்டாம்?"

"கால் எட்டல. பிரேக் புடிக்கல." சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "பயந்துட்டேன்."

"யாரு, நீயா?"

"ம். இந்த இடத்துல பிசைஞ்சுது." அவரிடம் வருகிற நோயாளிகள் காட்டுவது போலவே வயிற்றின் மேல் விரல் வைத்துக் காட்டினார்.

அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். போன் அடித்தது. "நீ போடி, நான் அப்பாகூட வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, சரக்குச் சரிவின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"முதல்லருந்து சொல்லு. எந்த இடத்துல பயம் ஆரம்பிச்சுது?"

அவர் சரிவை உற்றுப் பார்த்தார். "அந்தக் குழாய் இருக்கு பாரு, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி" என்றார்.