தண்ணீரைத் தள்ளிய மண்

சிவகங்கையில் பன்னிரண்டு நாள் பயிற்சி முடித்துத் திரும்பிய சத்தியப்பிரியா, பையை வீட்டில் வைத்த கையோடு கொல்லைக்கு நடந்தாள். தைலமரங்களை வெட்டிய இடத்தில் அவள் நட்டிருந்த கொய்யாக் கன்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. விரலால் கிளறினாள். உள்ளே மாவு மாதிரிக் காய்ந்த மண்.

"தண்ணி ஊத்துனீகளா?"

"குடம் குடமா ஊத்துனேன்," என்றான் கணவன் சதீஷ்குமார்.

"எந்த ஊருக் கன்னுக்கு?"

பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி போனிலேயே பற்ற வைத்திருந்தாள், அவன் வண்டி கொத்தமங்கலத்தில்தான் நிற்கிறதென்று. கல்யாணமாகி ஆறு மாதம். கன்று போனால் வேறு நடலாம். தினமும் போனில் 'ஊத்திட்டேன் பிரியா' என்ற வாயை இனி எப்படி நம்புவது?

அவன் ஒரு குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, புழுதியைப் பூசிக்கொண்டு வரப்போரம் ஓடியது. அடியில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

"நான் ஊத்துனப்ப மட்டும் குடிச்சுச்சே?"

"உன்னையக் கண்டா அதுக்கும் பயம்."

அவள் சிரிக்கவில்லை. குழாய் கசிகிற இடத்தில் ஒரு கன்று மட்டும் செழித்து நின்றது. அங்கே ஊற்றியதும் மண் மடக்கென்று குடித்தது. அதே தைலமரத்து எண்ணெய் ஊறிய மண்தான். ஆனால் காயவேயில்லை. பயிற்சிக்குப் போகும்வரை அவளும் காலையும் மாலையும் ஒரு செம்பாவது ஊற்றிக் காயவிடாமல்தான் வைத்திருந்தாள்.

"ஈரம் இருந்தா வாங்கிக்கிருது. ஒரேயடியாக் காஞ்சா தள்ளிருது," என்று மெல்லச் சொன்னவள் திரும்பினாள். "எத்தன நாள் காயவிட்டீக?"

அவன் குடத்தைப் பார்த்தான். "மொத அஞ்சு நாள். கொத்தமங்கலத்துல வயரிங் வேல. பெறகு அதுக்கும் சேத்துத்தான் ஊத்துனேன்."

"போன்ல?"

"நீ அங்குட்டு இருந்து கவலைப்படுவேன்னு..."

"யாரு வீட்டு வயரிங்கு?"

"சேவுகப்பெருமாள் அண்ணன் வீடு. வேணும்னா கேளு."

"கேப்பேன்."

செம்பை அவன் கையில் திணித்தாள். "கை கையாத் தெளிங்க. ஊற ஊறத் தெளிக்கணும்."

நாலாவது தரம் தெளித்தபோதுதான் ஒரு கரும்புள்ளி மண்ணில் தங்கியது. அவள் குனிந்து தோண்டிப் பார்த்தாள். நகக்கண் ஆழம் நனைந்திருந்தது.

"நாளைக்கும் தெளிக்கணுமா?"

"நாளைக்கும். போன்ல சொல்ல வேணாம். நான் இங்ஙனதான் நிப்பேன்."