பூச்சி மாத்திரை டெங்குவை ஒழித்த கதை

1
இந்தக் கதை பிறந்தது காய்ச்சலில். போன மழைக்குத் திருவனந்தபுரத்தில் போர்த்திக்கொண்டு கிடந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த மருந்தையெல்லாம் தின்றிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: "நுண்ணோக்கியின் கீழே நிலவொளியில் நனைந்த செல்கள்..."

(அடச்சே! அடித்துவிட்டேன்.)

2
நேராகவே சொல்கிறேன். சபீனாவுக்கு ஆய்வகத்தில் கான்ட்ராக்ட் வேலை. வேறு நோய்க்குள்ள பழைய மருந்து எதுவாவது டெங்கு வைரஸைக் கொல்லுமா என்று பார்க்க வேண்டும். தட்டுக் குழிகளில் செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையைக் கரைத்து ஊற்றினாள். வைரஸ் மாயம்!

ஆனால் ஒரு வரிசையில் வைரஸே விடாமல் மருந்து மட்டும் ஊற்றியிருந்தாள். மருந்தே செல்லைக் கொல்கிறதா என்று பார்க்க அதுதான் முறை. அந்தச் செல்களும் செத்துக் கிடந்தன. குடியிருக்க உயிருள்ள செல் இல்லாமல்தான் வைரஸ் போய்ச் சேர்ந்திருக்கிறது.

3
ஆய்வகத் தலைவர் வெங்கிடேஷ், கரமனை அக்ரஹாரத்துக்காரர். வில்லனாக்கலாம் என்று மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனுஷர்தான். பிரஸ் மீட்டுக்கு வடை சொல்லியாயிற்று*, அவ்வளவுதான்.

"வைரஸ் போயிடுத்தோ இல்லியோ?"

"போச்சு சாரே. செல்லும் கூடவே போச்சே!"

"செல்லைப் பத்தி உன்ன யாரு கேட்டா? பிரஸ்ஸுக்குக் குடுக்கற படத்துல அந்த வரிசைய வெட்டிடு. உன் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணுமோல்லியோ?"

வெட்டினாள். எனக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று நானே எழுதி வைத்திருந்தேன், அதனால் அடங்கிக்கொண்டேன்.

* வடை நன்றாக இருந்ததாம். விசாரித்தேன்.

4
முடிவு ஒன்று: சபீனா பிரஸ் மீட்டில் எழுந்து நின்று உண்மையை... (சினிமாவா எடுக்கிறேன்?)

முடிவு இரண்டு: அவளுக்கு விருது கிடைக்கிறது. (இது நடக்கும். அதனாலேயே எழுத மனசில்லை.)

5
மறுநாள் பேப்பரில் அவள் படம். பாறசாலையிலிருந்து அம்மா சுசீலாபாய் போன் செய்தாள்.

"மக்களே, உன் படத்தப் பாத்தேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! தம்பி ஜினுவுக்கு டெங்குன்னு டாக்டர் சொல்லியாச்சில்லா? ஆஸ்பத்திரிக்குப் போக வந்த ஆட்டோவத் திருப்பி விட்டுட்டேன். நீ கண்டுபிடிச்ச மாத்திரை இருக்கும்போ நமக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? ஒண்ணு குடுக்கணுமா, ரெண்டா?"

ஆய்வகத்தில் சபீனா போனைக் கையால் பொத்திக்கொள்கிறாள். எதிரே வெங்கிடேஷ் டிவிக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறார். மைக் இவள் பக்கம் திரும்புகிறது.

"அம்மே..." என்றாள். அப்புறம் அவள் சொன்னது

(எனக்கு எழுத வரவில்லை. புதுப்பிக்க வேண்டிய கான்ட்ராக்ட் உங்களுக்கு இல்லையே, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். சுசீலாபாய் மாத்திரையைப் பிரித்துவிட்டாள். ஜினு வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறான்.)