மூன்றாம் தடவை ஓடியவர்

இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஏட்டுக்கு யாரும் கைதட்டியதில்லை. திட்டியிருக்கிறார்கள், கும்பிட்டிருக்கிறார்கள், ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கிறார். அதனால், 'நிஜமோ நிஜம்' என்ற டிவி நிகழ்ச்சிக்காக ஒரு மாதம் ஜீப்புக்குப் பின்னால் கேமரா வரும் என்று மேலிடம் சொன்னபோது, வாய் வேண்டாம் என்றது. மனசு மீசையை முறுக்கிக்கொண்டது.

அவரோடு ரோந்து போகும் கான்ஸ்டபிளுக்கு ஸ்டேஷனில் 'பவுடர்' என்று பேர். கேமரா வருவதற்கு முன்பே அப்படித்தான். வந்த பிறகு கேட்க வேண்டுமா? ஜீப்பில் லத்தி இருந்த இடத்தில் கண்ணாடியும் சீப்பும் குடியேறின.

"அண்ணே, நம்ம ஜோடில நீங்க கோபக்காரர், நான் காமெடி. டைரக்டர் பிரிச்சுக் குடுத்துட்டாங்க," என்றான்.

ஏட்டு ஜென்மத்தில் கோபப்பட்டதில்லை. காலையில் மனைவியிடம் ஒத்திகை பார்த்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டைரக்டர் ஒரு இளம்பெண். நிஜம் போதவில்லை என்பது அவளுடைய தீராத குறை. முதல் வாரம் ஒரு சைக்கிள் காணாமல் போய், சொந்தக்காரர் வீட்டு மாடியிலேயே கிடைத்தது. அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

பத்தாம் நாள் காலை ஒரு போன் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் யாரோ கம்பியால் பூட்டைக் குடைகிறானாம். ஜீப் பறந்தது. காக்கியும் கேமராவும் சேர்ந்து படியேறி வந்தால் யோக்கியனும் ஓடத்தான் செய்வான். அந்த ஆளும் ஓடினார். பின்படி வழியாக இறங்கி, வண்டிகள் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓடியவரைப் பவுடர் பாய்ந்து பிடித்தான். அப்புறம்தான் வீட்டுக்காரம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"ஐயோ, அவரை விடுங்க! நான்தான் கூப்பிட்டேன். சாவியைத் தொலைச்சிட்டேன்!"

தெருமுனையில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். ஒரு மன்னிப்பும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து அனுப்பியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேமராக்காரர் தலையைச் சொறிந்தார். ஓடி வந்த அவசரத்தில் பதிவு பட்டனை அழுத்த மறந்துவிட்டாராம்.

"சார், இன்னொரு தடவை ஓடச் சொல்லுங்களேன்," என்றாள் டைரக்டர். "தப்பாப் பிடிச்சிட்டோம்னு கடைசில காட்டிடறோம். முகத்தையும் மறைச்சிடறோம்."

பூட்டுக்காரர் தயங்கினார். "வீடு வீடாப் போற தொழில் சார்..."

"அட, நான் இருக்கேன்ல? நான் பொறுப்பு," என்று ஏட்டு அவர் தோளில் கைபோட்டார்.

போலீஸ்காரர் தோளில் கைபோட்டுச் சொன்னால் மனுஷன் என்ன செய்வார்? ஓடினார். முதல் தடவை அவரே சிரித்துவிட்டார். இரண்டாம் தடவை பவுடர் சிரித்துவிட்டான். மூன்றாம் தடவை முட்டி தேய்ந்து, மூச்சு வாங்கி, இவர்கள் தன்னை விடவே மாட்டார்களோ என்ற பயத்தோடு திரும்பிப் பார்த்தார். "இதுதான்! இதுதான்!" என்று டைரக்டர் துள்ளிக் குதித்தாள்.

அந்தப் பார்வையை ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்த்தது. முகத்தை மறைக்கவில்லை. தப்பாகப் பிடித்த கதையையும் காட்டவில்லை. தடதடவென்று இசை முழங்க, ஏட்டு காற்றில் மிதந்து வந்தார். 'சிக்கினான் பூட்டுத் திருடன்!' என்று எழுத்து பாய்ந்தது. மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அக்கம்பக்கத்தார் வாசலுக்கே வந்து கைதட்டினார்கள். ஏட்டு அசடு வழியச் சிரித்தார்.

டைரக்டருக்குப் போன் போட்டார். "நேரம் பத்தலை சார், அந்த இடம் எடிட்டிங்ல போயிடுச்சு," என்றாள், பஸ் போய்விட்டது என்பதுபோல.

நான்கு நாள் தைரியம் சேர்த்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் எழுந்து வந்தார்.

"திருடன்கிட்ட யாரு சார் வீட்டுச் சாவியைக் குடுப்பா? கடையை மூடிட்டான். நீங்கதானே பிடிச்சது? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?"

"அவர் திருடன் இல்லப்பா."

"டிவில பார்த்தேனே சார்!"

ஏட்டு போட்டோவுக்கு நின்றார். நின்றது மட்டுமில்லை, பழக்க தோஷத்தில் சிரித்தும் வைத்தார். பின்னால் நினைத்து நினைத்துக் கூசியது அந்தச் சிரிப்புக்குத்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை அந்த மனிதரின் தலையில் கட்டிவிட்டுத் தான் கைதட்டல் வாங்கிக்கொண்டிருப்பது சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் ஞாபகம் வந்தது.

"விடுங்கண்ணே, ஒரு மாசத்துல ஜனங்க மறந்துடுவாங்க," என்றான் பவுடர்.

"நான் மறக்கணுமேடா."

கடைசி நிகழ்ச்சி பெரிய அரங்கில், நேரடி ஒளிபரப்பு. வெட்டவும் ஒட்டவும் முடியாது. நிகழ்ச்சியில் வந்த போலீஸ் ஜோடிகளில் சிறந்த ஜோடிக்கான கேடயத்தை வாங்கிக்கொண்ட ஏட்டு, மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பூட்டுக்காரர் குற்றமற்றவர், ஓடச் சொன்னது நான், பொறுப்பு என்று சொல்லிவிட்டுக் கைகழுவியதும் நான். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. தொகுப்பாளினி மை கலையாமல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். மேடையின் ஓரத்தில் டைரக்டர் ஆனந்தத்தில் அழுதுகொண்டிருந்தாள். பின்னாலிருந்த திரையில், 'ஏட்டை மன்னிக்கலாமா? உடனே வாக்களியுங்கள்!' என்று வந்தது. மூன்று விளம்பரங்களுக்குள் முடிவு தெரிந்துவிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் மன்னித்தார்கள். பவுடர் அவரை அப்படியே தூக்கிச் சுற்றினான். ஏட்டுக்கும், உண்மையைச் சொன்னால், பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் இருவரும் பழங்கள் வாங்கிக்கொண்டு பூட்டுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"டிவில பார்த்தேன் சார்."

"ஊருக்கே உண்மை தெரிஞ்சுடுச்சு. இனி கடையைத் திறந்துடலாம்," என்றார் ஏட்டு.

"திறந்துதான் பார்த்தேன். நாலு பேர் வந்தாங்க. ஒருத்தர் கையிலயும் பூட்டு இல்ல. உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு பேசிட்டுப் போனாங்க."

பவுடருக்குப் பொறுக்கவில்லை. "தொண்ணூத்தொரு சதவீதம் பேர் அண்ணனை மன்னிச்சிட்டாங்க, தெரியுமா?"

"அவங்களுக்கு உங்க அண்ணன் என்ன பண்ணார்?" என்றார் பூட்டுக்காரர். குரலில் கோபம்கூட இல்லை. "ஓடினது நான். என்னைத்தான் யாரும் கேக்கலை."

ஏட்டு பழப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அரங்கத்தில் அருவியாய்க் கொட்டிய வார்த்தைகளில் ஒன்றுகூட இப்போது உதவிக்கு வரவில்லை.

"இப்ப கேக்கறேன்," என்றார் கடைசியில். "என்னை மன்னிப்பீங்களா?"

பூட்டுக்காரர் ஒழுங்காக யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"இல்ல சார்," என்று மரியாதையாகவே சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.