உள்ளங்கையில் ஒரு பெயர்

...மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாள் அதற்குள் கைக்குட்டையை எடுத்துவிட்டார், தம்பிராஜா இன்னும் விரலைக்கூட அசைக்கவில்லை, மிஷனரி மிஸ் டாவ்சன் ஆங்கிலத்தில் சொன்னதை, கண்ணும் காதும் அடைபட்ட இந்த மனிதருக்குள் ஆண்டவர் எப்படி நுழைந்தார் பாருங்கள் என்பதை, தேவதாஸ் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எடுத்துவிட்டார், இனிப் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார், பிறகு அந்த வரிசை முழுவதும்... எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் எந்த வரிசை அழும் என்பது வரைக்கும் தெரிந்துபோயிற்றே, இப்படித் தெரிந்து வைத்திருப்பவனுக்கு உபதேசியார் என்றா பெயர்? காஜா பேராங் ரோட்டுச் சிற்றாலயத்தில் ஞாயிறு மாலை நான்கு மணி, மேலே ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மிஸ் டாவ்சனின் தலைக்கு நேராக. பக்கத்தில் தம்பிராஜா, நாற்பத்திரண்டு வயது, பிறவியிலேயே காது கேளாதவர், பார்வை இருபது வயதிலிருந்து மங்கிக்கொண்டே வந்து ஜப்பான்காரன் காலத்தில் முழுக்கப் போய்விட்டது. அவருடைய இடது கை தேவதாஸின் முழங்கால்மீது இருந்தது. சூடான, மிளகாய் வாசம் போகாத கை. அந்தக் கை அங்கே இருக்கும்போது பொய் சொல்வதுதான் கஷ்டம், அது எதையும் கேட்காது என்று தெரிந்திருந்தும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கையை முதன்முதலாகப் பிடித்தபோது இப்படியெல்லாம் ஆகும் என்று நினைத்தானா? காது கேளாத ஏழு பேரைக் கூட்டி வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான், இன்னொருவர் இருக்கிறார், அவருக்குக் கண்ணும் இல்லை என்று யாரோ சொல்ல, தேடிக்கொண்டு போனான். பலகை வீடு. அக்கா ருக்மணி விடிகாலையில் இடியப்பம் பிழிந்து பாசார்ச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுத் தம்பியை வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். கையில் கையை வைத்துப் பேசுகிற பேச்சு அவர்கள் வீட்டிலேயே உண்டானது, அம்மா தொடங்கியது, அம்மா போனபிறகு அக்காவிடம் மட்டும் இருந்தது. அதைத்தான் அவள் தேவதாஸுக்குச் சொல்லிக்கொடுத்தாள், சோறு என்றால் விரல்களைக் குவித்து உதட்டில், தூக்கம் என்றால் கன்னம், வேண்டும் என்றால் நெஞ்சில் இரண்டு தட்டு. எல்லாவற்றுக்கும் இருந்தது, ஆண்டவருக்கு மட்டும் இல்லை. அதனால் இங்கிலாந்திலிருந்து வந்த புத்தகத்தில் இருந்ததை அவன் கொண்டுவந்தான், உள்ளங்கையின் நடுவில் விரலால் அழுத்துவது, ஆணி அறைந்த இடம். வாரம் தவறாமல், போய் உட்கார்ந்ததும் முதல் காரியமாகத் தம்பிராஜாவின் உள்ளங்கையை விரித்து நடுவில் அழுத்துவான். ஜெபத்தோடு தொடங்கவேண்டும் அல்லவா. ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, அவன் அழுத்துவதற்கு முன்பே தம்பிராஜா அவன் கையைத் தேடிப் பிடித்து நடுவில் அழுத்தினார், முகமெல்லாம் சிரிப்பு. அன்று இரவு மிஸ் டாவ்சனுக்குக் கடிதம் எழுதினான். ஆண்டவரின் பெயரை அவரே சொல்லிவிட்டார் என்று எழுதினான். அந்தக் கடிதம் மிஷனரிச் சங்கத்தின் பத்திரிகையில் வந்தது. அப்போது அது பொய் இல்லை... இல்லைதானே? அப்போது அவனுக்கே தெரியாது.

தெரிந்தது இந்த பிப்ரவரியில். தம்பிராஜா பகலில் அப்துல் கய்யூமின் மளிகைக் கடையில் காய்ந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார், அவரை அழைத்துப்போக வந்த தேவதாஸிடம் கய்யூம் மூட்டையைத் தைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், "நேத்து நீங்க வரல பாருங்க உபதேசியாரே, காலையிலேர்ந்து உள்ளங்கையைக் குத்திக் குத்திக் காட்டிக்கிட்டு இருந்தாரு. வருவாரு வருவாருன்னு முதுகுல தட்டி வெச்சேன்." தேவதாஸுக்குப் புரியவில்லை. "உங்க பேரு அதானே?" என்றார் கய்யூம். "எனக்குத் தாடி, அக்காவுக்கு மூக்குத்தி, உங்களுக்கு உள்ளங்கை. யாரு வந்தாலும் அப்படித்தான் சொல்லுவாரு." மிளகாய் நெடியில் கண் எரிந்தது, நல்லவேளை, அதனால் துடைத்துக்கொள்ள முடிந்தது. வந்ததும் உள்ளங்கையில் அழுத்துகிறவன் எவனோ அவன் பெயர் அது, வேறு எப்படி எடுத்துக்கொள்வார் அந்த மனுஷர்? நான்கு வருஷமாக அவர் ஆண்டவரைக் கூப்பிடவே இல்லை, தேவதாஸைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுவாரம் திருத்திப் பார்த்தான். தன் மூக்குக்கண்ணாடியில் அவர் விரலை வைத்து, இது நான், இது நான் என்று சொல்லிப் பார்த்தான். தம்பிராஜா கண்ணாடியை நன்றாகத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி உள்ளங்கையில் அழுத்தினார். அதோடு விட்டுவிட்டான். ஏன் விட்டான்? ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, அது ஒன்று. இன்னொன்றை நினைக்கும்போதுதான் காது மடல் சுடுகிறது... கய்யூம் சொன்ன அந்த நிமிஷத்தில், வெட்கம் வருவதற்கு முன்னால், ஒரு சந்தோஷம் வந்தது. ஒருவர் காலையிலிருந்து தன்னைத் தேடியிருக்கிறார் என்கிற சந்தோஷம். ஆண்டவருக்குப் போகவேண்டியதை வழியிலேயே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட சந்தோஷம்.

ஞானஸ்நானத்தன்று போதகர் கேட்டார், இயேசுவை இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாயா என்று. தேவதாஸ் உள்ளங்கையில் அழுத்திவிட்டு, நெஞ்சில் தட்டி, கேள்வியாகக் கையை விரித்தான். அது என்ன கேள்வி என்று அவனுக்குத் தெரியும், அந்த ஆலயத்திலேயே தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தேவதாஸ் வேண்டுமா? தம்பிராஜா கொஞ்சமும் தயங்கவில்லை. உள்ளங்கை, நெஞ்சில் இரண்டு தட்டு, போதாதென்று மூன்றாவதாக ஒன்று. "விசுவாசிக்கிறேன் என்கிறார்" என்றான், குரல் நடுங்கியது, நடுங்கியதை எல்லோரும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். ருக்மணி உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். அவளிடம் போய், அவரே கேட்கிறார் அக்கா என்று சொன்னவனும் இவன்தான். "அவரு இதுவரைக்கும் எதையும் கேட்டதில்லையே ஐயா. கேட்டாருன்னா நான் எப்படி வேணாங்கிறது" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள். அம்மா சாகும்முன் கோயிலில் மந்திரித்துத் தம்பியின் மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிற்றை அவளே அவிழ்த்தாள். அதற்குப்பிறகு எத்தனை நாள், வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது தம்பிராஜாவின் வலது கை இடது மணிக்கட்டைத் தடவித் தடவித் தேடும், காணாமல் தரையைத் தடவும், பெஞ்சுக்கு அடியில் தடவும். எங்கே என்று கேட்பார். தேவதாஸ் பேச்சை மாற்றுவான். கண் தெரியாதவரிடம் பேச்சை மாற்றுவது எவ்வளவு சுலபம், கையை எடுத்துக்கொண்டால் போதும்.

"பிரதர் தம்பிராஜா நம்மோடு பேசுவாரா?" என்றார் மிஸ் டாவ்சன். தேவதாஸ் எழுந்து அவரையும் எழுப்பி நிறுத்தினான், கையில், பேசு என்றான். தம்பிராஜா அவன் உள்ளங்கையை அழுத்தினார். பிறகு புறங்கையால் கழுத்தைத் துடைத்துக்காட்டினார். பிறகு மூக்கின் ஓரத்தைத் தொட்டுக் கையை விரித்தார். மூன்றே மூன்று. தேவதாஸ், வெக்கையாக இருக்கிறது, அக்கா எங்கே. சொல்லிவிடலாமே, இப்படியே சொல்லிவிட்டால் என்ன, வெக்கையாக இருக்கிறதாம் என்று சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டுமே... "ஆண்டவர் என் பக்கத்திலேயே இருக்கிறார் என்கிறார்" என்றது அவன் வாய். "பாடுபட்டுக் களைத்த என் வியர்வையை அவர் துடைக்கிறார். என் சகோதரியும் அவரிடம் வரவேண்டும் என்று..." பேச்சு நிற்கவில்லை, இருள் வந்தது, பாதை வந்தது, வெளிச்சம் வந்தது, எங்கிருந்துதான் வருமோ. அப்போது தம்பிராஜாவின் கை அவன் தோளைத் தடவி ஏறி, சட்டைக் காலரைத் தாண்டி, தொண்டையின்மேல் வந்து நின்றது. லேசாக, ஒரு பறவையைப் பிடிப்பதுபோல. இதற்குமுன் அப்படிச் செய்ததே இல்லை. நான்காவது வரிசையிலும் விசும்பல் கேட்டது. அந்தக் கைக்கு அடியில் தேவதாஸ் இன்னும் ஐந்து வாக்கியம் பேசினான், ஒவ்வொன்றும் அவர் விரலுக்குக் கீழே உருண்டு போவதை அவனாலேயே உணர முடிந்தது. கடைசி வாக்கியம் முடிந்ததும் கை எடுக்கப்பட்டது.

பிறகு மிஸ் டாவ்சன் எழுந்து, ஆகஸ்டில் நாடு சுதந்திரம் அடைகிறது, சபையின் வேலையும் இந்த மண்ணின் பிள்ளைகள் கைக்கு வருவதுதான் நியாயம், ஃபெடரேஷனின் எல்லா மாநிலங்களிலும் காது கேளாதோருக்கான ஊழியத்துக்குச் சகோதரர் தேவதாஸைத் தலைமையாகச் சங்கம் நியமித்திருக்கிறது, செப்டம்பரில் அவர் கோலாலம்பூர் போகிறார் என்றார். அதையும் அவனே மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. தன் பெயரைச் சொல்லும் இடத்தில் நாக்கு தடுக்கியது, அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பலகைத் தரை அதிர்ந்தது. அதிர்வு காலில் ஏறியதும் தம்பிராஜாவும் சிரித்துக்கொண்டே கைதட்டினார், எதற்கு என்று தெரியாமல், எல்லோரும் நிறுத்திய பிறகும்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. காப்பிக் கடை ரேடியோவில் மலாயில் செய்தி, சலூன் கதவில் புதுக்கொடியின் படம், எல்லோருக்கும் ஏதோ வரப்போகிறது என்கிற பரபரப்பு. தம்பிராஜா அவன் முழங்கையைப் பிடித்தபடி நடந்துவந்தார், சாக்கடைப் பாலத்தருகே சட்டென்று நின்றார். கால் தடுக்கியதோ என்று தேவதாஸ் குனிந்து பார்த்தான். அதில்லை. அவர் தன் நெஞ்சைத் தொட்டார், கட்டைவிரலைச் சுண்டுவிரல் நுனியில் வைத்துக் காட்டினார். நான், இத்தனூண்டு. பிறகு தேவதாஸின் தொண்டையைத் தொட்டார், அவன் மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் ஒரு விரலால் நீளமாகக் கோடு இழுத்தார். நீ, இவ்வளவு. பிறகு கையை விரித்தார். என்ன? கோபமில்லை அந்த முகத்தில், அதுதான் தாங்க முடியவில்லை, ஒரு சந்தேகம்கூட இல்லை, நண்பன் நிறையப் பேசினான், என்ன பேசினான் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். சைக்கிள்காரன் மணியடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனான். பிறகு, பிறகு என்று அவர் கையில் சொல்லிவிட்டு தேவதாஸ் வேகமாக நடந்தான், அவர் விடாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ருக்மணி வாசலில் உட்கார்ந்து இடியப்ப அச்சைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாங்கய்யா. கூட்டம் நெறையாவா?" என்றாள். பிறகு எப்போதும் கேட்பதைக் கேட்டாள், "இன்னிக்குத் தம்பி என்ன சொன்னாரு?"

"வெக்கையா இருக்குன்னாரு அக்கா," என்றான். "அக்கா எங்கேன்னு கேட்டாரு. அவ்வளவுதான் சொன்னாரு. மத்ததெல்லாம் நான் சொன்னது."

அவள் அச்சின் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "அப்படித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள்.

"ஞானஸ்நானத்தன்னைக்கும்..."

"அன்னிக்கும் உங்களைத்தான் சொன்னாரு. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அந்தக் கைப்பேச்செல்லாம் எங்க வீட்டுதுல்ல, எனக்குப் புரியாதாய்யா?"

"பின்ன ஏன் அக்கா கயித்த அவுத்தீங்க? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்..."

"சொல்லியிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பீங்களா?" அவள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "எங்கம்மா போனப்புறம் அவருகிட்ட கையில பேசுற ஆளு நான் ஒருத்திதான். பன்னெண்டு வருசம். அப்புறம் நீங்க வந்தீங்க. கயிறு என்னாய்யா, கயிறு. உக்காருங்க, தேத்தண்ணி கலக்கிறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். தேவதாஸ் பலகைப் படியில் உட்கார்ந்தான், தம்பிராஜாவும் தடவி உட்கார்ந்தார், கையை விடவில்லை. அப்படியானால் நான்கு மாதமாகத் தூக்கம் கெட்டு இந்தப் பொய்யைச் சுமந்தது இவன் ஒருவன் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் அவளும் தோள் கொடுத்துத் தாங்கியிருக்கிறாள், அவள் எதற்காகக் கொடுத்தாள், இவன் எதற்காக வாங்கினான்... உள்ளே கிளாஸில் கரண்டி சுற்றும் சத்தம். கோலாலம்பூரை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லவேண்டும், அவள் வெளியே வருவதற்குள் எப்படிச் சொல்வது என்றாவது யோசிக்கவேண்டும். இல்லை, முதலில் இவரிடம், கேள்வி கேட்டவர் இவர்தானே. தம்பிராஜாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். போகிறேன் என்பதற்குச் சைகை உண்டு, வாசல் பக்கமாகக் கையைத் தள்ளுவது, ஒவ்வொரு ஞாயிறும் செய்வதுதான். தள்ளினான். தள்ளிய கை வழக்கம்போல் தானாகவே திரும்பி அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது, போய்விட்டு வருகிறேன் என்று. தம்பிராஜா தலையை ஆட்டிக்கொண்டார். இன்னொரு முறை தள்ளிப் பார்த்தான், திருப்பாமல் நிறுத்தப் பார்த்தான். பாதிச் சைகையோடு நின்றுபோன கையைத் தம்பிராஜா கொஞ்சநேரம் பிடித்திருந்தார், மீதி வரும் என்று.